தக்ஷியின் அளவுகள்

மொன்றியல்
15.09.2002

அன்பின் அக்காவுக்கு,

இங்க நாங்க மூண்டு பேரும் சுகம். சின்னவன் விதுவுக்குப் போன கிழமை காய்ச்சல், இப்ப விட்டுட்டு. நீங்களும் என்ட தக்ஷியும் சுகமெண்டு உங்கட கையெழுத்தில வந்தாத்தான் எனக்கு மனம் ஆறும். டெலிபோன் கடையில நிண்டு நீங்க சொல்ற சுகம், பின்னால வரிசையில நிக்கிற ஆக்களுக்காகச் சொல்ற சுகம் மாதிரிக் கேக்குது. பிள்ளை ரிசீவரைப் பிடிச்சு மூச்சு மட்டும் விடுறாள். அந்த மூச்சுக்குத்தான் நான் டெலிபோன் கார்ட் வாங்குறன்.

ஒரு புதினம். சிரிக்கக் கூடாது. நான் டீச்சராகிட்டன்.

புவாண்ட்-கிளேரில நான் வேலை செய்யிற தையல் பட்டறையில கில்ட் தைக்கிறது எண்டு முந்தி எழுதினன்தானே. ஸ்கொட்லாந்துக்கார ஆம்பிளைகள் உடுத்துக்கொண்டு பைப் ஊதுவாங்களே, கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை, அதுதான். பொம்பிளைப் பிள்ளைகளும் அதை உடுத்து ஆடுவாங்க. அந்தப் பிள்ளைகளின்ட தாய்மாருக்குத் தாங்களே தைச்சுக் குடுக்க ஆசை. பக்கத்துச் சமூக நிலையத்தில செவ்வாய்க்கிழமை பின்னேரம் வகுப்பு வைக்க ஆள் கேட்டு வந்தாங்க. பின்னேரம் எண்டவுடன பட்டறையில எல்லாரும் ஏலாது எண்டிட்டாங்க. நான் ஓமெண்டன். ஏன் எண்டு இவர் கேட்டார். இங்கிலீசு பழகலாம் எண்டன். உங்களுக்குத்தான் உண்மை சொல்லலாம். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம்தானே தக்ஷியை உங்கட இடுப்பில வைச்சிட்டு நான் வேனில ஏறினது. அந்த நேரத்துக்கு வீட்டில சும்மா இருக்க என்னால ஏலாது.

இவர்ட பகிடி தாங்க முடியல்ல. "ஆம்பிளைக்குப் பாவாடை தைக்கப் பொம்பிளைகளுக்குப் பாடமா? ஊரில தெரிஞ்சா உன்னைக் கட்டின குற்றத்துக்கு என்னையும் சேத்துச் சிரிப்பாங்க" எண்டார்.

முதல் வகுப்பில தடுமாறிப்போனன். ஏழு பேர். ஐலீன் எண்டு ஒரு மனிசி, எதைச் சொன்னாலும் கொப்பியில எழுதுவா. ஜினெட் எண்டு பஸ் ஓட்டுற ஒரு பொம்பிளை, அவவுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். மடிப்புக்கு அவங்கட சொல் ரெண்டு பாசையிலயும் என்ட வாயில வரல்ல. என்ட சால்வையை எடுத்து இடுப்பில சுத்தி, சேலைக்குப் பிடிக்கிற மாதிரிக் கொய்யகம் பிடிச்சுக் காட்டினன். மறுகா அதை அப்படியே முதுகுப் பக்கம் திருப்பினன். கில்டுக்குக் கொய்யகம் பின்னுக்குத்தான். ஐலீன் "கொய்-ய-கம்" எண்டு எழுதிக்கொண்டா. இப்ப ஏழு பேரும் அந்தச் சொல்லைத்தான் சொல்றாங்க, நான் திருத்தப் போகல்ல.

அவங்க ஒவ்வொருத்தரும் ஆரையோ அளந்துதான் தைக்கிறாங்க. காட்டித்தர நானும் ஒண்டு தைக்க வேணும். எனக்குத் தக்ஷியின்ட அளவு அனுப்புங்க அக்கா. இடுப்பு, அதுக்குக் கீழ அகலமான இடத்துச் சுத்தளவு, நீளம். நீளம் எடுக்கிற முறை வேற. பிள்ளையை முழங்காலில நிக்க வைச்சு, இடுப்பில இருந்து நிலம்வரைக்கும் அளக்க வேணும். இந்த உடுப்புக்குக் கீழ மடிச்சுத் தைக்கிறேல்ல, துணியின்ட கரைதான் கரை. பிழைச்சா இறக்க ஏலாது. கவனம்.

உங்கட தங்கச்சி
கஜந்தி


ஆரையம்பதி
09.10.2002

அன்பான கஜந்திக்கு,

கடிதம் கிடைச்சுது. பிள்ளையார் காவலில இங்க ரெண்டு பேரும் சுகம். தம்பி சாம்பவனை விசாரிச்சதாச் சொல்லு. குளிர் தொடங்க முந்தி விதுவுக்குக் காதை மூடுற மாதிரித் தொப்பி வாங்கு, பிறகு காய்ச்சல் எண்டு எழுதாத.

இத்தனை வருசமா வெண்கட்டித் தூளைத் திண்டுகொண்டு நான் டீச்சர். நீ ஒரு கொய்யகத்தோட டீச்சராகிட்ட. இதுக்குத்தானா புள்ள உன்னைக் கம்பசில பி.ஏ. படிக்க விட்டது? பகிடிதான். எனக்குப் பெருமைதான். பள்ளியில எல்லாருக்கும் சொல்லிட்டன். பாவாடை எண்டு சொல்லல்ல, தையற்கலை எண்டு சொன்னன்.

நீ சொன்ன மாதிரி அவளை முழங்காலில நிக்கச் சொன்னன். நிண்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு கிறுகிப் பாத்தா கண்ணீர் ஓடுது. "நான் என்ன செஞ்சன்?" எண்டாள். எங்கட பள்ளியில முழங்காலில நிக்க விடுறது குழப்படிக்குத்தானே. நானே எத்தனை பிள்ளைகளை விட்டிருக்கன், அவளும் பாத்திருக்காள். "ஒண்டும் செய்யல்ல, கனடாவில உனக்குச் சட்டை தைக்கிறாங்க" எண்டன். "நான் கேக்கல்லயே" எண்டாள். மறுகா நானும் பக்கத்தில முழங்காலில நிண்டன். ரெண்டு பேர் நிண்டா அது தண்டனை இல்ல எண்டு அவளுக்கு ஒரு நியாயம். அதுக்குப் பிறகுதான் அளக்க விட்டாள்.

இடுப்பு இருபது. கீழ இருபத்திமூண்டு. நீளம் பதின்மூண்டு. எல்லாம் அங்குலம்.

உன்ட படத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கன். யோசிக்காத.

அன்புடன்
அக்கா செல்வமலர்


மொன்றியல்
24.11.2002

அன்பின் அக்காவுக்கு,

சுகம். நீங்க ரெண்டு பேரும் மழைக்கு நனையாம இருக்க வேணும் எண்டு கேட்டுக்கொள்றன். இங்க பனி கொட்டத் தொடங்கிட்டு. விதுவைக் காலமை பிள்ளை பாக்கிற கார்டரியில விடும்போது தொப்பி போட்டுத்தான் விடுறன், பயப்படாதீங்க. ஆனா அவன்ட மூச்சில ஒரு கரகரப்பு. டொக்டர் ஒண்டுமில்ல எண்டு சொல்லிட்டார். எனக்கு நம்பிக்கையில்ல.

அவனுக்கு இப்ப ஒண்டரை வயசு. நாலு வருசத்துக்கு முந்தித் தக்ஷியை நான் விட்டிட்டு வந்த வயசு. ஏஜென்சிக்காரன் ஒராளைத்தான் ஏத்துவன் எண்டான், ஒரு வருசத்தில பிள்ளையைக் கூப்பிடலாம் எண்டு இவர் இங்க இருந்து எழுதினார், நானும் வந்துட்டன். விதுவைத் தூக்கும்போது ஒவ்வொரு நாளும் பாரம் தெரியுது. இவ்வளவு பாரத்தையா நான் இறக்கி வைச்சன் எண்டு நினைக்கிறன்.

அவன் முந்தநாள் "அம்மா" எண்டான். எனக்குச் சந்தோசப்படப் பயமா இருந்தது. தக்ஷி பிந்திக் கதைச்ச பிள்ளை, நான் ஏறும்வரைக்கும் அவள் வாய் திறக்கல்ல. அவள் முதல் சொன்ன சொல் என்ன அக்கா? நீங்க எழுதினதே இல்ல.

வகுப்பு நடக்குது. இப்ப கொய்யகம் பிடிக்கிறதுதான் பாடம். கட்டம் குலையாம மடிக்க வேணும், பின்னுக்கு நிண்டு பாத்தா மடிச்சதே தெரியாம கட்டம் நேரா ஓட வேணும். ஐலீன் மூண்டு தரம் பிரிச்சா. நான் தைக்கிற சின்னதைத் தூக்கிப் பாத்து "இது ஆருக்கு?" எண்டா. மகளுக்கு எண்டன்.

"அடுத்த செவ்வாய் கூட்டிக்கொண்டு வாவன், பாக்கலாம்."

"அவள் தூரத்தில இருக்காள்."

"எங்க, லவாலிலயா?"

லவால் இங்க ஆற்றுக்கு அங்கால இருக்கிற ஊர் அக்கா. நான் ஓமெண்டு சொல்லியிருக்கலாம். சிலோனில எண்டு சொன்னன். ஐலீன் அதைக் கொப்பியில எழுதல்ல. ஊசியைக் கீழ வைச்சா.

முக்கியமான விசயம். பெப்ரவரியில கொழும்பில அவளுக்கு விசா இன்டர்வியூ. உங்களுக்கும் கடிதம் வரும். அம்மா ஆர் எண்டு கேட்டா என்னைச் சொல்ல வேணும். அப்பா பேர், தம்பி பேர் எல்லாம் பழக்குங்க. அவள் ஆக்களைக் கண்டா ஒளிப்பாள் எண்டு எழுதியிருந்தீங்க, அதுதான் என்ட பயம். என்னால நித்திரை கொள்ள முடியல்ல.

உங்கட தங்கச்சி
கஜந்தி


ஆரையம்பதி
29.12.2002

அன்பான கஜந்திக்கு,

மழையெண்டா மழை. வீதியில முழங்கால் தண்ணி. எங்களுக்குச் சுகத்துக்குக் குறையில்ல. உங்கட சுகத்துக்கும் குறை வரக் கூடாது.

படத்தைக் காட்டி "இது ஆர்?" எண்டு கேட்டா "கஜந்தி" எண்டு டக்கெண்டு சொல்றாள். "இது?" எண்டா "சாம்பவன்." "தம்பி?" "விதுர்சன்." பேர் ஒண்டும் பிழைக்காது. நீ நித்திரையைக் கொள்ளு.

முதல் சொன்ன சொல்லைக் கேட்டிருந்த. மறந்துபோச்சு. வகுப்பில நாற்பது பிள்ளைகளின்ட சத்தம் காதுக்குள்ள இருக்கு, எது எப்ப ஆர் சொன்னது எண்டு எப்படி நினைவிருக்கும்?

அக்கா


ஆரையம்பதி
16.02.2003

அன்பான கஜந்திக்கு,

நலமாய்ப் போய் நலமாய் வந்து சேந்தம். இன்டர்வியூ நல்லா முடிஞ்சுது. பஸ்ஸில ஹபரணை தாண்டினவுடன சத்தி எடுத்தாள், வேற கரைச்சல் இல்ல. மஞ்சள் சட்டை போட்டுவிட்டன். கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொன்னாள். அங்க இருந்த ஐயா அவளுக்கு ஒரு டொபி குடுத்தார். அதை உரிக்காம ஊர் வரும்வரைக்கும் கையில வைச்சிருந்தாள்.

களைப்பாக் கிடக்கு. இவ்வளவும் போதும்.

அக்கா


மொன்றியல்
16.03.2003

அன்பின் அக்காவுக்கு,

உங்கட கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு சொன்னா இவர் சிரிப்பார். நல்லா முடிஞ்சுது, நல்லா முடிஞ்சுது. சுகம் விசாரிக்கவே மறந்துபோனன், மன்னிச்சுக்கொள்ளுங்க. சுகமா இருக்கீங்களா? நாங்க எல்லாரும் சுகம், விதுவின்ட மூச்சுக் கரகரப்பும் போயிட்டு.

போன செவ்வாய் எங்கட வகுப்பின்ட கடைசிப் பின்னேரம். தைச்சதைப் போட்டுப் பாக்கிற நாள். தாய்மார் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஓடுறாங்க, சுத்துறாங்க, சுத்தும்போது பின்னுக்குக் கொய்யகம் விரிஞ்சு மறுகாத் தானாகவே ஒடுங்குது. ஐலீன் தன்ட மகளின்டதுக்குக் கொக்கியை மாறித் தைச்சிட்டா, முன்பக்கம் இடப்பக்கமாத் திறக்குது. கில்ட் எப்பவும் வலப்பக்கம்தான் திறக்க வேணும். "நான் ஆறு மாசம் தைச்சன், அவள் ஆறு நிமிசத்தில கண்டுபிடிச்சிட்டாள்" எண்டு ஐலீன் தலையில கை வைச்சா. எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன் அக்கா, உண்மையா.

தக்ஷியின்டதை மேசையில விரிச்சு வைச்சன். ஜினெட் வந்து இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பாத்தா. அவவுக்கு மகள் இல்ல, தனக்குத்தான் தைக்கிறா. என்ட தோளைத் தட்டி, பஸ் வரும் எண்டு ஆக்களுக்குச் சொல்ற மாதிரிச் சொன்னா, வரும், வரும் எண்டு.

இந்தக் கோடைக்குள்ள அவள் வந்திடுவாள் எண்டு இவர் சொல்றார். அவளுக்கு விருப்பமான சாப்பாடு என்ன, எந்தப் பக்கம் படுப்பாள், இருட்டுக்குப் பயமா, எல்லாம் எழுதுங்க. ஒண்டையும் விடாதீங்க.

உங்கட தங்கச்சி
கஜந்தி


மொன்றியல்
27.04.2003

அக்கா,

சுகம் கேட்டு எழுத இண்டைக்கு எனக்கு மனமில்ல.

விசா ஒபிசில இருந்து கடிதம் வந்திருக்கு. இன்டர்வியூவில பிள்ளை, தன்னைக் கூட்டிக்கொண்டு வந்த பெண்ணைத் தன்ட தாய் எண்டு சொன்னதாம். அதனால பிள்ளையின்ட ரெத்தத்தையும் தாய் எண்டு உரிமை கோருபவரின்ட ரெத்தத்தையும் சோதிக்க வேணுமாம்.

உரிமை கோருபவர். அது நான்.

நல்லா முடிஞ்சுது எண்டு எழுதினீங்க. டொபியை எழுதினீங்க, மஞ்சள் சட்டையை எழுதினீங்க. பேர் பிழைக்காது எண்டு எழுதினீங்களே, முறை சொல்லிக் குடுத்தீங்களா? படத்தைக் காட்டி இது கஜந்தி எண்டு பழக்கினா, கஜந்தி ஆர் அவளுக்கு? கனடாவில சட்டை தைக்கிற ஒரு ஆளா?

அடுத்த வரியை எழுதிட்டு வெட்டியிருக்கன். வெளிச்சத்தில பிடிச்சு வாசிக்காதீங்க.

கஜந்தி


மொன்றியல்
08.06.2003

அன்பின் அக்காவுக்கு,

சுகமா? மறுமொழி இல்ல. தபால் சுணங்குது எண்டு இவருக்குச் சொல்றன். டெலிபோன் கடைக்கு எடுத்தா, டீச்சர் இந்தப் பக்கம் வாறேல்ல எண்டு நல்லம்மாக்கா சொல்றா. தக்ஷிக்குச் சுகமா எண்டு கேட்டன். பள்ளிக்குப் போறதைக் கண்டன் எண்டா.

நான் ரெத்தம் குடுத்திட்டன். ஊசி குத்தின பொம்பிளை ஏன் எண்டு கேட்டா, என்ட பிள்ளைக்கு நான் தாய் எண்டு காட்ட எண்டன். அவ பஞ்சை அமத்திப் பிடிக்கச் சொன்னா.

வெட்டின வரியை நீங்க வாசிச்சிருப்பீங்க. உங்களுக்குக் கலியாணம் ஆகாததையும் என்ட பிள்ளையையும் ஒரே வரியில எழுதின கை இது. அவளுக்கு அம்மாள் வந்து மேலெல்லாம் கொப்புளம் போட்ட நேரம் பள்ளிக்கு லீவு போட்டிட்டுப் பக்கத்தில இருந்தது ஆர்? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எழுதினன். அதுதான் எனக்கு ஆறுதில்ல.

ஒரு வரி போடுங்க. ஏசிப் போட்டாலும் சரி.

உங்கட தங்கச்சி
கஜந்தி


ஆரையம்பதி
06.07.2003

அன்பான கஜந்திக்கு,

ரெண்டு கடிதமும் கிடைச்சுது. நாங்க சுகம். உங்கட சுகமும் அப்படியே இருக்க வேணும்.

வெட்டினதை வாசிச்சன். பிள்ளைகள் வெட்டினதை வாசிச்சுப் பழகின கண். அதுக்காக எழுதாம இருக்கல்ல. வேலை கூட.

முதல் சொல்லைக் கேட்டிருந்தாயே. நீ போய் நாலைஞ்சு மாசத்தால அவள் வாய் திறந்தாள். பெரியம்மா சொல்லு, பெரியம்மா சொல்லு எண்டு நான்தான் சொல்லிக் குடுத்துக்கொண்டிருந்தன். பெரி அவள்ட வாயில வரல்ல. "யம்மா" எண்டாள். அதுதான்.

யம்மா இல்ல மகள், பெ-ரி-யம்மா எண்டு ஒரு வருசம் திருத்தினன். அடுத்த வருசம் அவளுக்குப் பெரி சொல்ல வந்துட்டு. பெரிய பானை எண்டாள். பெரிய நாய் எண்டாள். எனக்கு மட்டும் யம்மாதான். மறுகா நான் திருத்தல்ல.

இன்டர்வியூவில, உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது ஆர் எண்டு கேட்டாங்க. யம்மா எண்டாள். தமிழை மாத்திச் சொன்ன பொம்பிளைக்கு அது அம்மா எண்டு கேட்டிருக்கு. அவ இங்கிலீசில சொல்லும்போது நான் குனிஞ்சு கைப்பைக்குள்ள முகம் துடைக்கிற லேஞ்சி தேடிக்கொண்டிருந்தன். நல்லா முடிஞ்சுது எண்டு உனக்கு எழுதினன். எனக்கு அண்டைக்கு நல்லாத்தான் இருந்தது.

ரெத்தம் எடுக்கக் கூட்டிப்போனன். கையை நீட்டிட்டு, "யம்மாவும் குடுக்கிறயா?" எண்டாள். என்ட ரெத்தம் தேவையில்ல எண்டு நர்ஸ் சொன்னா.

முடிவு உன்ட பக்கம்தான் வரும். அரியரத்தினம் மாஸ்டர் குடும்பமாக் கனடா வாறார், அவங்களோட அனுப்பலாம். வந்த மறுகாக் கொஞ்ச நாள் டெலிபோனை அவள்ட கையில குடுக்காத. என்ட சத்தத்தைக் கேட்டா உன்னட்ட வரமாட்டாள். முறையைச் சொல்லிக் குடு. நீ அம்மா, நான் பெரியம்மா. நானும் சொல்லிப் பாக்கிறன். சிரிக்கிறாள்.

இடப்பக்கம் திரும்பித்தான் படுப்பாள். இருட்டுக்குப் பயமில்ல. தனியப் படுக்கத்தான் பயம்.

அன்புடன்
செல்வமலர்


மொன்றியல்
23.11.2003

அன்பின் அக்காவுக்கு,

பிள்ளை வந்து சேந்த உடன ஒரு கடிதம் போட்டன். அதுக்கும் மறுமொழி இல்ல. சுகமா இருக்கீங்க எண்டு நினைச்சுக்கொண்டுதான் இதை எழுதுறன். சுகமா இருங்க. அவளின்ட பெட்டிக்குள்ள உங்கட கடிதம் இருக்கும் எண்டு சட்டைகளை எல்லாம் உதறிப் பாத்தன். மடிச்ச மடிப்புத்தான் இருந்தது. அந்த மடிப்புக் குலையாம எடுத்துப் போடத்தான் விடுறாள், என்னை மடிக்க விடுறாளில்ல.

சாப்பிடுறாள். தடிமன் வந்து மாறிட்டு. விதுவோட விளையாடுறாள். பள்ளியில பொன்ஜூர் எண்டு சொல்லப் பழகிட்டாள். நான் தைச்ச கில்ட் கட்டையாப் போச்சு, ஒரு வருசத்தில அவ்வளவு வளந்திருக்காள். இறக்க ஏலாது, வேற துணி வெட்ட வேணும். நீங்க சொன்ன மாதிரி டெலிபோனைக் குடுக்கல்ல. கேக்கவும் இல்ல அவள். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

முறையைச் சொல்லிக் குடுத்தன். நான் அம்மா, அவ பெரியம்மா எண்டு. தலையை ஆட்டினாள். ஆனா என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிடல்ல. "இஞ்ச" எண்டுவாள். இல்லாட்டி சட்டை நுனியைப் பிடிச்சு இழுப்பாள். விது அம்மா எண்டு கத்தினா, ஆரைக் கூப்பிடுறான் எண்டு சுத்திப் பாப்பாள். ஒரு மாசத்துக்கு மேல இப்படி. இவர் சொல்றார், அவசரப்படாத, வாயில வரும் எண்டு. செப்டெம்பரில திரும்பத் தொடங்கின வகுப்பில எல்லாருக்கும் இது தெரியும், பழைய ஆக்கள்தான். நான்தான் சொன்னன். அம்மா எண்ட சொல்லும் அவங்களுக்குத் தெரியும், ஐலீன் கேட்டு எழுதி வைச்சிருக்கா. ஒவ்வொரு செவ்வாயும் உள்ளுக்கு வரும்போது ஐலீன் புருவத்தைத் தூக்குவா, நான் தலையை ஆட்டுவன், இன்னும் இல்ல எண்டு.

போன செவ்வாய் இவருக்குப் பின்னேர வேலை. விதுவைப் பக்கத்து வீட்டில விட்டிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனன். மேசைக்குக் கீழ இருந்து, விழுற குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னுக்கு நிண்டு கட்டத்தில வெண்கட்டியால கோடு போட்டுக் காட்டுறன், எங்க மடிக்கிறது எண்டு. அவள் எழும்பி வந்து எல்லாருக்கும் முன்னால சத்தமாச் சொன்னாள்.

"சின்னம்மா, ஒண்ணுக்கு வருது."

ஆர் சொல்லிக் குடுத்தது? நான் இல்ல. நீங்களும் இல்ல, எனக்குத் தெரியும். நான் உங்கட தங்கச்சி எண்டு அவளுக்குத் தெரியும்தானே. யம்மாவின்ட தங்கச்சி சின்னம்மா. ஒரு மாசமா யோசிச்சுத் தானே முறை வைச்சிருக்காள். அதில ஒரு பிழையும் இல்ல அக்கா.

ஜினெட் கத்திரிக்கோலைக் கீழ வைச்சா. ஐலீன் எழும்பிட்டா. அவவின்ட கண் நிறைஞ்சு கிடக்கு. "கஜந்தி, இப்ப அவள் சொன்னாள்தானே? அம்மா எண்டு சொன்னாள்தானே?" எண்டு கேட்டா. அவங்களுக்கு அந்தச் சொல்லின்ட கடைசி மட்டும்தான் கேட்டிருக்கு.

நான் ஓமெண்டன்.

எல்லாரும் கை தட்டினாங்க. அவள் வெருண்டுபோய் என்ட கையைப் பிடிச்சாள். அந்தக் கையை விடாம அவளை ஒண்ணுக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

உங்கட தங்கச்சி
கஜந்தி